கூடிப் படிக்கும் குடும்பங்கள்

கல்பாக்கத்து அணுசக்தித் துறை ஊழியர்களுக்கென்று எழுந்த குடியிருப்புகள் இரண்டு. ஒன்று கடலை ஒட்டியது. இன்னொன்று திருக்கழுக்குன்றம் பக்கமாக உள்ளே தள்ளி அமைந்த அணுபுரம். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் சுற்றியுள்ள நிலையங்களிலும் வேலை பார்ப்பவர்களின் வீடுகள் இங்கே இருக்கின்றன. மாலையில் விளையாட்டுத் திடலில் நின்றால் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளம் எல்லாம் காதில் விழும். பிள்ளைகள் பெரும்பாலும் அணுசக்தி மத்தியப் பள்ளியில் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். படித்த பெற்றோர், மாதச் சம்பளம், மரநிழல், அதிக வாகனமில்லாத தெரு. ஒரு குழந்தை புத்தகப் பிரியராக வளரத் தேவையான எல்லாமே இங்கே இருப்பதாகத்தான் தோன்றும்.

ஆனால் புத்தகம் வாங்க வசதி இருப்பது வேறு, வீட்டில் வாசிப்பு நடப்பது வேறு. சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து பை நிறைய வாங்கி வந்த கதைகள் பிப்ரவரிக்குள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகின்றன. எட்டாம் வகுப்பு தொடங்கியதும் ஜேஇஇ, நீட் பேச்சு வீட்டுக்குள் நுழைகிறது. கதைப் புத்தகம் ‘நேரத்தை வீணாக்கும்’ பொருளாகிவிடுகிறது. இது அணுபுரத்துக்கு மட்டும் உரிய குறையல்ல. தமிழ்நாட்டின் நடுத்தர வர்க்கக் குடியிருப்பு எதை எடுத்தாலும் இதே நிலைதான். இதற்கு மாற்றாகக் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான வாசிப்பு வட்டங்களைப் பலரும் முன்வைக்கிறார்கள். நம்மிடம் இதற்கு முன் என்னென்ன முயற்சிகள் நடந்தன, எது பலன் தந்தது, எது தரவில்லை, இந்தக் கரையோர ஊரில் எப்படி நடத்தினால் நிலைக்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கூடிப் படிப்பது தமிழருக்குப் புதிதில்லை. தனியாக, மௌனமாகப் படிப்பதுதான் புதிது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ (2002) இந்த மாற்றத்தின் வரலாற்றைச் சொல்கிறது. தமிழில் நாவல் வந்த காலத்தில்கூட ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கும் வழக்கம் வலுவாக இருந்தது. பெரிய எழுத்துப் புத்தகங்கள் திண்ணையில் பாட்டாகப் படிக்கப்பட்டன. பாரதமும் இராமாயணமும் ஊர்ப் பொதுவில் வாசிக்கப்பட்டன. 1940களில் ‘சிவகாமியின் சபத’மும் 1950களில் ‘பொன்னியின் செல்வ’னும் ‘கல்கி’ இதழில் தொடராக வந்தபோது, வாராவாரம் இதழ் வந்ததும் வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள் என்பதை அந்தத் தலைமுறையினர் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது, பேரனுக்குத் தெரியும். பேரனுக்கு விளங்காத இடத்தைப் பாட்டி விளக்குவாள். குடும்ப வாசிப்பு வட்டம் என்று இன்று நாம் தேடுவது ஏறக்குறைய இதைத்தான். திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் ஊர்தோறும் நடத்திய படிப்பகங்கள் இதன் இன்னொரு கிளை. அங்கே நாளிதழை ஒருவர் உரக்கப் படித்தால் பத்துப் பேர் விவாதித்தார்கள்.

நூலகத் துறையிலும் நமக்குப் பெருமைப்பட இடமுண்டு. 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில், மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார் பொறியாளர் எஸ்.வி. கனகசபை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் தன் நூலக விதிகள் ஐந்தையும் நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அந்த ஐந்தில் இரண்டு. இந்தியாவின் மாகாணங்களில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948இல். நம் பொது நூலகங்களை ஒட்டி ‘வாசகர் வட்டம்’ என்ற அமைப்பு இன்றும் இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் அது பெரியவர்களின் கூட்டமாக, புத்தக வெளியீடும் நினைவு நாளுமாகச் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் பரிசு வாங்க மட்டும் மேடைக்கு அழைக்கப்படுகிறார்கள்.

பிள்ளைகளுக்கென்று நடந்த முயற்சிகள் தனி வரலாறு. இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்காக எழுதிய அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். அம்புலிமாமா, கண்ணன், கோகுலம், பூந்தளிர், முத்து காமிக்ஸ் என்று இதழ்கள் வந்தன. கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த அந்த இதழ்களைச் சுற்றிப் பிள்ளைகளே அமைத்துக்கொண்ட கூட்டங்கள் உண்டு. அவற்றுக்குப் பெயரும் இல்லை, தலைவரும் இல்லை. 1987இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ இதழைத் தொடங்கியது. அதைச் சுற்றி ‘துளிர் இல்லங்கள்’ உருவாயின. சிறார் ஓரிடத்தில் கூடி, இதழைப் படித்து, அதில் சொன்ன சோதனையைச் செய்து பார்த்து, கேள்வி கேட்கும் இடங்கள் அவை. தமிழில் குழந்தைகளுக்கான வாசிப்பு வட்டம் என்று திட்டமிட்டு நடந்தவற்றில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது இதுதான். படித்ததை வைத்து ஏதாவது செய்யலாம் என்பதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அழைத்து வந்தது. அணுபுரம் போன்ற அறிவியலாளர் குடியிருப்புக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் கிடைக்காது.

தேசிய அளவில், 1993இல் நேஷனல் புக் டிரஸ்ட் குழந்தை இலக்கியத்துக்கென ஒரு தேசிய மையத்தை அமைத்து, பள்ளிகளில் வாசகர் மன்றங்களைத் தொடங்கத் தூண்டியது. நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் பி.என். பணிக்கர் கட்டியெழுப்பிய கிரந்தசாலை இயக்கத்தின் நூலகங்களில் ‘பாலவேதி’ என்ற சிறார் பிரிவு உண்டு. அவர் நினைவு நாளான ஜூன் 19 அங்கே வாசிப்பு தினம். தமிழ்நாட்டில் 2023இல் பள்ளிக் கல்வித் துறை ‘வாசிப்பு இயக்க’த்தைத் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்த சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளையின் வாசிப்புத் திறனைப் பார்த்துப் புத்தகம் கொடுப்பது இதன் அடிப்படை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘நுழை’யிலிருந்து தொடங்கலாம், அதில் வெட்கமில்லை. இது நல்ல சிந்தனை, தனி வட்டங்களும் எடுத்துக்கொள்ள வேண்டியது. அரசுக்கு வெளியேயும் முயற்சிகள் உண்டு. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக் கதை சொல்லத் தொடங்கியதிலிருந்து கிளைத்தது ‘பஞ்சு மிட்டாய்’ இதழ். சிங்காரப்பேட்டை அருகே குக்கூ காட்டுப்பள்ளியிலிருந்து ‘தும்பி’ என்ற சிறார் இதழ் வந்தது.

இவற்றை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுக் குறை தெரிகிறது. ஏறக்குறைய எல்லாமே பிள்ளையை மட்டும் வாசகராகக் கண்டன. பெற்றோர் கொண்டுவந்து விடுபவர், கூட்டிப்போகிறவர், புத்தகத்துக்குக் காசு கொடுப்பவர். அவர் தானும் படிப்பவர் என்ற எதிர்பார்ப்பு எங்கும் அழுத்தமாக இல்லை. அம்மாவும் அப்பாவும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ‘போய்ப் படி’ என்று சொன்னால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

குடும்பம் சேர்ந்து படிப்பதால் என்ன மாறுகிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. 1988இல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோரை இரு குழுவாகப் பிரித்தார்கள். இரு குழுவுமே குழந்தைக்குப் படக்கதை படித்துக் காட்டியது. ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு சிறு பயிற்சி: படித்துக்கொண்டே போகாமல் நிறுத்தி, குழந்தையைக் கதை சொல்ல வைக்க வேண்டும். ‘இது என்ன?’ என்பதோடு நிற்காமல், ‘இவன் என்ன செய்யப்போகிறான்?’ என்று கேட்க வேண்டும். குழந்தை ஒரு சொல் சொன்னால் அதை இரண்டு சொல்லாக வளர்த்துத் திருப்பித் தர வேண்டும். நான்கே வாரத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு வளம் மற்றவர்களைவிடப் பல மாத வளர்ச்சிக்குச் சமமாக முன்னேறியிருந்தது. இரு வீட்டிலும் வாசிப்பு நடந்தது. உரையாடல் நடந்த வீட்டில்தான் மொழி கூடுதலாக வளர்ந்தது.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கிலாந்தின் எய்டன் சேம்பர்ஸ் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆசிரியராகவும் சிறார் எழுத்தாளராகவும் இருந்த அவர், புத்தகம் பற்றிய பேச்சுக்கு நான்கு கேள்விகளே போதும் என்றார். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது புரியவில்லை, எதோடு எது ஒத்துப்போகிறது. ‘ஏன்?’ என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்கக் கூடாது என்பதும் அவர் கருத்து. ‘ஏன் பிடிக்கவில்லை?’ என்று பெரியவர் கேட்டதும் பிள்ளை தேர்வறைக்குள் போய்விடுகிறது, சரியான விடையைத் தேடுகிறது. ‘சொல்லேன், கேட்கிறேன்’ என்றால் பேசுகிறது. நம் வீடுகளில் ‘இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?’ என்று கேட்கும் பழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. பாடநூல் கதைகளின் கடைசியில் வந்த நீதி வரி நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. வாசிப்பு வட்டம் நடத்துகிறவர் முதலில் விட வேண்டிய கேள்வி அதுதான். அந்தக் கேள்விதான் கூட்டத்தின் உயிரைக் குடிக்கிறது.

குடும்ப வட்டத்துக்கே உரிய ஒரு முன்மாதிரியும் உண்டு. வாஷிங்டனில் ஷிரீன் டாட்சன் என்ற தாய் தன் மகளோடும், வேறு தாய்மார் அவர்கள் மகள்களோடும் கூடிப் படித்த அனுபவத்தை 1997இல் நூலாக்கினார். அந்த வட்டத்தில் தாயும் மகளும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிறார்கள். சமமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். இப்படி நடக்கும் கூட்டங்களில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. நேருக்கு நேர் பேசத் தயங்கும் விஷயங்களை, பொறாமை, பயம், நண்பனோடு மனத்தாங்கல், சாவு, எல்லாவற்றையும் கதைமாந்தரைச் சாக்காக வைத்துப் பேச முடிகிறது. பதின்பருவத்துப் பிள்ளையோடு உரையாட வழி தெரியாமல் தவிக்கும் பெற்றோருக்கு இதைவிட நல்ல உதவி வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

பரிசு பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசிப்பு என்றதும் நம்மவர்கள் உடனே போட்டி வைத்துவிடுகிறார்கள். அதிகப் புத்தகம் படித்தவருக்குக் கோப்பை, எல்லோருக்கும் சான்றிதழ், முகநூலில் படம். அமெரிக்காவில் 1984இல் ஒரு பீட்சா நிறுவனம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பீட்சா இலவசம் என்று திட்டமே தொடங்கியது. அதற்குப் பதினோரு ஆண்டுக்கு முன்பே, 1973இல், லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் ஒரு சோதனை நடத்தியிருந்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு சிலருக்கு, வரைந்தால் விருது தருவதாக முன்கூட்டியே சொல்லித் தந்தார்கள். சில நாள் கழித்து விருதுப் பேச்சில்லாமல் பேனாக்களை வைத்தபோது, விருதுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதியளவு நேரமே வரைந்தார்கள். இருந்த ஆசையையும் விருது தின்றுவிட்டது. புத்தகத்துக்கும் இது பொருந்தும் என்றே நம்புகிறேன். எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால் பிள்ளை மெலிந்த புத்தகமாகப் பார்த்து எடுக்கும், பக்கத்தைப் புரட்டித் தள்ளும். ஏற்கெனவே மதிப்பெண்ணால் மூச்சுத் திணறும் ஒரு பிள்ளைக்கு மதிப்பெண் இல்லாத ஓர் இடமாவது நாம் தர வேண்டும். வாசிப்பு வட்டத்தில் பரிசு வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு. பாதியில் புத்தகத்தை மூடிவைக்கும் உரிமையும் பிள்ளைக்கு வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டபோது படிக்காமலிருக்கும் உரிமையை முதலாவதாக வைத்தார்.

இனி மொழி. அணுபுரத்தில் யார் வட்டம் தொடங்கினாலும் முதல் நாளே எழும் கேள்வி, எந்த மொழியில் என்பது. எல்லோருக்கும் பொதுவென்று ஆங்கிலத்துக்குப் போய்விடுவது எளிது. பெரும்பாலான குடியிருப்புகளில் அப்படித்தான் நடக்கிறது. அப்படி நடந்தால் தாத்தா பாட்டி வெளியே நிற்பார்கள், தாய்மொழியில் தட்டுத்தடுமாறும் பிள்ளை மேலும் தடுமாறும். வழி வேறு உண்டு. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால் புஸ்தகாலயா வரிசையில் ஒரே கதை, அதே படங்களோடு, பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகளை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஏராளமான கதைகள் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேண்டியதை அச்செடுத்துக்கொள்ளலாம், உரிமைச் சிக்கல் இல்லை. அப்படியானால் தெலுங்குக் குடும்பம் தெலுங்கிலும் மலையாளக் குடும்பம் மலையாளத்திலும் தமிழ்க் குடும்பம் தமிழிலும் ஒரே கதையை வீட்டில் படித்துவிட்டு வரலாம். வட்டத்தில் ஒரு பக்கத்தை ஒவ்வொரு மொழியிலும் ஒருவர் உரக்கப் படிக்கலாம். பேச்சு கலப்பு மொழியில் நடக்கட்டும், பிள்ளைகளுக்கு அது சிரமமே இல்லை. ஒரே மொழி பேசும் கிராமத்தில் இதைச் செய்ய முடியாது. பள்ளியில் ஆங்கிலத்தின் அடியில் மறைந்துகிடக்கும் இந்த ஊரின் பன்மொழிச் செல்வம் வாசிப்பு வட்டத்தில்தான் வெளியே வர முடியும்.

எதைப் படிப்பது என்பதற்கும் இந்தக் கரையிலேயே விடை இருக்கிறது. வட நெம்மேலியில் 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணையை அணுபுரத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அங்கே பணியாற்றிய ஜாய் விட்டேக்கர் எழுதிய படக்கதை ஒன்று உண்டு. தூலிகா வெளியிட்டது. காளி என்ற இருளர் சிறுவன், அவன் அப்பா பாம்பு பிடிப்பவர், வறுத்த ஈசலைச் சாப்பிடுவதால் வகுப்பில் மற்ற பிள்ளைகள் அவனை ஒதுக்குகிறார்கள். வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு நுழைந்ததும் ஆசிரியர் உட்பட எல்லோரும் நடுங்க, காளி மட்டும் அதைப் பிடிக்கிறான். இந்தக் கதை ஏதோ தூரத்து ஊரில் நடப்பதல்ல. பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை நடத்துபவர்களும், மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடுபவர்களும் இதே இருளர்கள்தான். புத்தகத்தைப் படித்த குழந்தை ‘காளி நம்ம ஊர்ப் பையனா?’ என்று கேட்கும். ஆமாம் என்று சொல்ல முடிகிற ஊர் இது.

அடுத்தது மாமல்லபுரத்தின் பெரும் பாறைச் சிற்பம். அர்ச்சுனன் தபசு என்று சிலரும் பகீரதன் தவம் என்று சிலரும் சொல்கிறார்கள். அதன் ஒரு மூலையில் நின்று தவம் செய்யும் பூனையையும், அதைச் சுற்றியுள்ள எலிகளையும் பிள்ளைகளிடம் காட்டிவிட்டு, இந்தப் பூனைக்கு ஒரு கதை சொல்லுங்கள் என்றால் போதும். பெரியவர்களுக்கு அதே நாளில் ‘சிவகாமியின் சபத’த்தின் சில அத்தியாயங்கள். ஒரு காலத்தில் வீட்டில் உரக்கப் படிக்கப்பட்ட நூலை, அது பேசும் பல்லவர் ஊரிலேயே மீண்டும் உரக்கப் படிக்கலாம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையும் இப்படி ஒரு வாசிப்பு இடமாகக் காத்திருக்கிறது. புதிய தமிழ்ச் சிறார் நூல்களும் தட்டுப்பாடின்றி வருகின்றன. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ ஆகியவை அண்மை ஆண்டுகளில் பால சாகித்ய புரஸ்கார் பெற்றவை. ‘மரப்பாச்சி’யைப் பெற்றோர் அவசியம் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வேண்டும். குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி அது தொடங்கிவைக்கும் பேச்சை வீட்டில் பலரால் தாமாகத் தொடங்க முடிவதில்லை.

நடத்தும் முறையில் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. குடும்பங்கள் ஆறேழுக்கு மேல் வேண்டாம். பெருகினால் இரண்டு வட்டமாகப் பிரிந்துவிடலாம். இடம் யார் வீடாகவும் இருக்கலாம், மரத்தடி இன்னும் நல்லது. நாளும் நேரமும் மட்டும் மாறக் கூடாது. மின்நிலையத்தில் ஷிப்டு பார்க்கும் அப்பாக்களுக்கு எல்லா வாரமும் வர இயலாது. அதற்காக நாளை மாற்றிக்கொண்டே போனால் வட்டம் கலைந்துவிடும். வர முடிந்த வாரம் வரட்டும், ஆனால் வரும்போது படித்துவிட்டு வரட்டும். அப்பாக்கள் வர வேண்டும் என்பதை நான் வலியுறுத்துகிறேன். கதை சொல்வது அம்மா வேலை என்று எண்ணும் ஆண்பிள்ளை பத்து வயதில் புத்தகத்தை விட்டுவிடுகிறான். சின்னவர்களையும் பெரியவர்களையும் பிரிக்காமல் முதல் அரை மணி எல்லோருக்கும் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், பின்பு வயதுக்கேற்பப் பிரிந்து பேசலாம். எட்டாம் வகுப்புக்கு மேலுள்ளவர்களைத் தக்கவைக்க ஒரே வழி பொறுப்பு தருவதுதான். அடுத்த புத்தகத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு அவர்களே படித்துக் காட்டட்டும். அந்தத் தேர்வு பேய்க்கதையாகவோ காமிக்ஸாகவோ இருந்தால் பெரியவர்கள் முகம் சுளிக்காமல் தாங்களும் அதைப் படிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தரும் விஷயம் கடைசியாக. அணுபுரத்தின் வாயிலுக்கு வெளியே விவசாயக் கிராமங்களும், சற்றுத் தள்ளி மீனவர் குப்பங்களும், இருளர் குடியிருப்புகளும் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை’, ‘நட’ நூல்கள் வந்து சேர்கின்றன. உள்ளேயிருக்கும் பிள்ளையும் வெளியேயிருக்கும் பிள்ளையும் ஒரே கதையைப் பற்றிப் பேச ஓர் இடம் மட்டும் இல்லை. காளி கதையை உள்ளே படித்துவிட்டு, காளியை வெளியே நிற்க வைப்பது நியாயமில்லை. குடியிருப்பில் தொடங்கும் எந்த வட்டமும் இரண்டு கூடுகைக்கு ஒருமுறையாவது ஊர் நூலகத்திலோ அரசுப் பள்ளித் திண்ணையிலோ கூட வேண்டும். அந்த ஊர்க் குடும்பங்களை விருந்தினராக அல்லாமல் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். இருளர் வீட்டுப் பெரியவர் ஒருவர் பாம்புகளைப் பற்றிச் சொல்லும் கதை, எந்த அச்சுப் புத்தகத்துக்கும் குறைந்ததில்லை.

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடுகிறோம். தொடக்க விழாவுக்கு நல்ல நாள் தேடும் அணுபுரத்து நண்பர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வரும் சனிக்கிழமை மாலை, பக்கத்து வீட்டுக் குடும்பம் ஒன்றையும் கூட்டிக்கொண்டு, ஒரே ஒரு புத்தகத்தோடு தொடங்குங்கள்.